வயதான நாய்க்கு ஒரு திண்ணை

ராஜபாளையம் என்று தமிழ்நாட்டுக்கு வெளியே சொல்லிப் பாருங்கள். பலருக்கு ஊருக்கு முன்னால் நாய்தான் நினைவுக்கு வரும். பால்வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, பொன்னிறக் கண், நெடிய கால்கள். 2005 ஜனவரி 9 அன்று இந்திய அஞ்சல் துறை நான்கு நாட்டு நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது, இமயமலை மேய்ப்பு நாய், ராம்பூர், முதோல் வேட்டைநாய்களோடு ராஜபாளையமும் இடம்பெற்றது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் பாராட்டினார். இந்தப் பெருமையெல்லாம் குட்டிக்கும் வாலிப நாய்க்கும் உரியது. ஒன்பது வயதாகி, பின்னங்கால் தளர்ந்து, தோலில் சொறி பிடித்து, காது கேளாமல் ஏதோ ஒரு காப்பகத்தின் மூலையில் படுத்திருக்கும் ராஜபாளையத்தை எந்தத் தபால்தலையிலும் பார்க்க முடியாது. அந்த நாய்க்கு ஒரு வீடு கிடைக்குமா? கிடைக்கும் என்றே நம்புகிறேன். ஆனால் நாம் இதுவரை மக்களிடம் இரக்கத்தை மட்டுமே கேட்டுவந்திருக்கிறோம். இரக்கம் நம் ஊர்களில் போதிய அளவு இருக்கிறது. வயதான நாயின் செலவையும் பயத்தையும் ஒரே குடும்பத்தின் தலையில் இறக்கிவைத்துவிட்டு, ஏன் யாரும் முன்வரவில்லை என்று வருந்துவதில்தான் பிழை. சுமையைப் பங்கு போட்டால் வீடு கிடைக்கும். அந்தப் பங்கீட்டைத் தொடங்கும் முதல் கடமை, இந்த நாய்க்குத் தன் பெயரைக் கொடுத்த ஊருக்கு உண்டு.

இந்த நாயின் மதிப்பு எப்போதும் அது செய்த வேலையோடு கட்டப்பட்டிருந்தது. மேற்கு மலையடிவாரத்தில் காட்டுப்பன்றி வேட்டைக்கு ஓடிய இனம் இது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை நின்றது. நாய் மாந்தோப்புக்கும் தென்னந்தோப்புக்கும் பங்களா வாசலுக்கும் காவலானது. வேலை இருக்கும்வரை சோறு என்பது அன்றைய விவசாய வாழ்க்கையின் கணக்கு; அதை இன்றைய கண்ணால் பார்த்துக் கொடுமை என்று தீர்ப்பு எழுதுவது எளிது. ஆனால் இன்று இந்த நாய் வேலைக்காக மட்டும் பிறப்பதில்லை, விற்பனைக்காகவும் பிறக்கிறது. குட்டிக்கு விலை இருக்கிறது, குட்டி போடும் தாய்க்கு விலை இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் நாய் இனவிருத்தி விதிகள், வளர்ப்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவுசெய்ய வேண்டும், ஒரு பெட்டை தன் வாழ்நாளில் ஐந்து முறைக்கு மேல் ஈனக் கூடாது, எட்டு வயதுக்குமேல் அதை இனவிருத்திக்குப் பயன்படுத்தக் கூடாது, எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்றெல்லாம் சொல்கின்றன. நல்ல விதிகள். ஆனால் எட்டு வயதில் ஓய்வு பெறும் அந்தத் தாய் நாய்க்கு இன்னும் மூன்று நான்கு ஆண்டு ஆயுள் மிச்சம் இருக்கிறதே, அதை எங்கே கழிக்கும்? தபால்தலைப் பெருமைக்கும் குட்டி விற்ற காசுக்கும் வெளியே கிடக்கும் காலம் அது.

இதற்கு ஒரு பழைய பாடம் இருக்கிறது. நாட்டு நாய் இனங்களைக் காப்பதற்கென்று தமிழ்நாடு அரசே 1980களின் தொடக்கத்தில் சென்னை சைதாப்பேட்டையில் ஓர் இனப்பெருக்கப் பிரிவைத் தொடங்கியது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பைக் குட்டிகள் அங்கே வளர்ந்து மக்களுக்கு விற்கப்பட்டன. பராமரிப்புக் குறைகள் நீதிமன்றம்வரை போய், 2016இன் இறுதியில் சென்னை உயர் நீதிமன்றம் அதை மூட உத்தரவிட்டது. நாட்டு இனத்தையே அழிக்கிறார்கள் என்று ஒரு சாரார் கொதித்தார்கள். வதை முடிந்தது என்று இன்னொரு சாரார் நிம்மதி அடைந்தார்கள். இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. ஆனால் வாதத்தின் நடுவே அமுங்கிப்போன விஷயம் ஒன்று உண்டு. இனத்தைக் காப்பது என்றால் இனம் பெருக்குவது என்றே நாம் பொருள் கொண்டிருந்தோம். பெருக்கிய நாய் முதுமை அடையும், நோய்ப்படும், அப்போது அதற்கு இடம் வேண்டும் என்பது திட்டத்தின் முதல் நாளிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். 2024இல் மாநில அரசு வெளியிட்ட நாய் இனவிருத்திக் கொள்கை, நம் வெயிலுக்கு ஒவ்வாத 11 வெளிநாட்டு இனங்களை இங்கே பெருக்கத் தடை விதித்து, நாட்டு இனங்களை ஊக்குவிக்கச் சொல்கிறது. ஊக்குவிக்கட்டும். கூடவே முதுமைக்கும் கணக்கு எழுதட்டும்.

காப்பகத்தில் இருக்கும் வயதான நாயைப் பற்றிப் பேசும்போது, நோயாளி என்ற ஒரே சொல்லால் பல நிலைகளைப் போர்த்திவிடுகிறோம். அந்தப் போர்வையை விலக்கிப் பார்த்தால்தான் பயம் அளவுக்கு வரும். முதலில் செவிட்டுத்தன்மை. ராஜபாளையத்தில் இது பிறவியிலேயே வரக்கூடியது. காரணம் அந்த வெள்ளை நிறமேதான். தோலுக்கும் மயிருக்கும் நிறம் கொடுக்கும் நிறமி செல்கள் உட்காதிலும் இருந்தாக வேண்டும். அவை அங்கே இல்லாதபோது, ஒலியை உணரும் பகுதி குட்டி பிறந்த சில வாரங்களில் செயலிழக்கிறது. வெள்ளைத் தோலில் புள்ளி கொண்ட டால்மேஷன் இனத்தில், அமெரிக்காவில் பரிசோதிக்கப்பட்டவற்றில் ஏறக்குறைய 30 சதவீதத்துக்கு ஒரு காதோ இரு காதுமோ கேட்பதில்லை. வெள்ளையல்லாத குட்டிகளை ஒதுக்கி, தூய வெள்ளையையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்ததன் விலை இது. அழகென்று மனிதன் கேட்டதற்கு நாய் காதைக் கொடுத்திருக்கிறது. ஆனால் செவிடாய்ப் பிறந்த நாய் தன்னைச் செவிடென்று நினைத்து வருந்துவதில்லை. கைச் சைகைக்குப் பழகும், தரையில் காலால் தட்டினால் அதிர்வில் திரும்பிப் பார்க்கும். தூங்கும்போது திடீரென்று தொடக் கூடாது, வெளியே கயிறில்லாமல் விடக் கூடாது. வீட்டார் பழக வேண்டியது பெரும்பாலும் இவ்வளவுதான். இதற்கு மருந்துச் செலவு ஒரு ரூபாய்கூடக் கிடையாது.

அடுத்தது தோல். மயிர் உதிர்ந்து தோல் தடித்துப்போன சொறி நாயைக் கண்டால் ஜனங்கள் விலகி நடப்பார்கள். பழைய நாட்களில் வேப்பெண்ணெயும் கந்தகமும் பூசி, குணமாகாவிட்டால் துரத்திவிடுவது வழக்கம். இன்று மாதத்துக்கு ஒன்றோ மூன்று மாதத்துக்கு ஒன்றோ கொடுக்கும் மாத்திரைகள் வந்துவிட்டன. உண்ணியையும் சொறிப் பூச்சியையும் ஒருசேரக் கொல்பவை. மலையடிவாரத் தோப்புகளில் உண்ணிக்குக் குறைவில்லை. உண்ணிக் காய்ச்சல் வந்த நாய் சோர்ந்து, ஈறு வெளுத்து, மூக்கில் ரத்தம் கசியச் சாகக் கிடப்பதுபோல் தெரியும். சரியான நேரத்தில் கண்டால் நான்கு வாரம் டாக்சிசைக்ளின் மாத்திரையில் எழுந்து நிற்கும் நாய்கள் ஏராளம். கருத்தடை செய்யாத வயதான பெட்டைகளுக்குக் கருப்பையில் சீழ் கட்டும். அது உயிருக்கே ஆபத்து, ஆனால் ஓர் அறுவைசிகிச்சையோடு முடிந்துபோகும். இவையெல்லாம் குணமாகும் வகை. மூட்டுத் தேய்மானம், கண்புரை, ஆரம்பக் கட்டச் சிறுநீரகக் கோளாறு, இதய பலவீனம் இன்னொரு வகை. குணமாகாது, ஆனால் மாத்திரை, பத்தியச் சாப்பாடு, வழுக்காத தரை, வெயிலில் கட்டாமை ஆகியவற்றோடு மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் வலியின்றி ஓடும். மூன்றாவது வகை, முடிவை நெருங்கிவிட்ட நோய். இந்த மூன்றையும் பிரித்துச் சொல்லாமல் பாவம், நோயாளி என்று மட்டும் சொல்லி ஒரு நாயைக் காட்டினால், பார்ப்பவர் மூன்றாவதையே நினைத்துக்கொண்டு திரும்பிப் போவார். அவரைக் கல்நெஞ்சர் என்பது அநியாயம்.

ஆகவே, வீடு தேடும் வேலையின் முதல் பாதி நேர்மையான விவரம். கண்ணீர் வரவழைக்கும் படமும், இதுதான் கடைசி வாய்ப்பு என்ற மிரட்டலும் ஒரு நாள் பரபரப்பைத்தான் தரும். அந்தப் பரபரப்பில் கூட்டிப்போனவர் ஒரே வாரத்தில் திரும்பக் கொண்டுவந்து விட்டால், நாய்க்கு இரண்டாவது கைவிடுதல். அதற்குப் பதிலாக, நாயோடு ஒரு தாள் போக வேண்டும். கால்நடை மருத்துவர் கையெழுத்திட்டது. என்ன நோய், எந்த வகை, எந்த மாத்திரை எத்தனை வேளை, மாதம் உத்தேசமாக என்ன செலவு, கடைசியாக எப்போது வெறிநோய்த் தடுப்பூசி போடப்பட்டது, யாரையாவது கடித்ததுண்டா, குழந்தைகளோடும் கோழி ஆடுகளோடும் எப்படி, இரவில் குரைக்குமா. கடித்ததுண்டு என்றால் அதையும் எழுத வேண்டும். குறையை மறைத்துப் பெண் கொடுத்த கதையாக இது ஆகிவிடக் கூடாது.

மறுபாதி, ஒத்திகை. அமெரிக்காவில் 51 காப்பகங்களில் நாய்களைக் கவனித்து 2023இல் வெளியான ஓர் ஆய்வு, காப்பக நாயைச் சில மணி நேரம் வெளியே கூட்டிப்போனாலே அதற்கு வீடு கிடைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 5 மடங்கும், ஓரிரு இரவு யாருடைய வீட்டிலாவது தங்கவைத்தால் ஏறக்குறைய 14 மடங்கும் கூடியதாகக் கண்டது. காரணம் ஊகிக்கக் கூடியதுதான். கம்பிக்குப் பின்னால் குரைத்துக்கொண்டு, சிறுநீர் நெடியில் நிற்கும் நாய் தன் சுபாவத்தைக் காட்டுவதில்லை. ஒரு வீட்டுத் திண்ணையில் இரண்டு இரவு படுத்தால்தான் அது யார் என்று தெரியும். அந்த வீட்டாரே வைத்துக்கொள்வதும் உண்டு, பக்கத்து வீட்டார் பார்த்துவிட்டுக் கேட்பதும் உண்டு. நம் ஊர்களில் தத்து என்ற சொல்லே ஒரு பெரிய சடங்கின் பாரத்தோடு வருகிறது. வாழ்நாள் முழுக்க நீயே பொறுப்பு என்று முதல் நாளே கையெழுத்துக் கேட்டால் யாருக்கும் கை தயங்கும். பதினைந்து நாள் பார்த்துக்கொள்ளுங்கள், ஒத்துவராவிட்டால் நாங்களே வந்து அழைத்துப்போகிறோம் என்று சொன்னால் அதே கை நீளும்.

செலவுப் பங்கு இதைவிட முக்கியம். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் வயதான நாய்களுக்கென்றே இயங்கும் ஓல்டு ஃப்ரெண்ட்ஸ் என்ற காப்பகம், நாய்களைக் குடும்பங்களிடம் ஆயுள் முழுக்க வளர்ப்புக்குக் கொடுக்கிறது. ஆனால் மருத்துவச் செலவைக் காப்பகமே ஏற்கிறது. சோறும் அன்பும் வீட்டார் பொறுப்பு, மருந்துச் சீட்டு காப்பகத்தின் பொறுப்பு. எதிர்பாராத ஆயிரங்கள் தன் பையிலிருந்து போகாது என்று தெரிந்தால், நடுத்தரக் குடும்பம் ஒரு வயதான நாய்க்குச் சோறு போடத் தயங்காது. இதை ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் செய்து பார்க்க எல்லாச் சூழலும் இருக்கிறது. இரண்டு ஊருக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஓர் ஊரில் நூற்பாலைகளும் அறக்கட்டளைகளும் உண்டு. இன்னொன்று கோயிலுக்கும் பால்கோவாவுக்கும் பேர்பெற்றது, பால்மாடு பார்க்கும் கால்நடை மருத்துவர்களின் துணை அங்கே என்றும் தேவைப்படுவது. சிக்கலான நோய்க்குத் திருநெல்வேலி இராமையன்பட்டியில் 2012இல் தொடங்கப்பட்ட அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ராஜபாளையம் என்ற பெயரில் விற்கப்படும் ஒவ்வொரு குட்டியின் விலையிலும் ஒரு சிறு பங்கு முதியநாய் நிதிக்குப் போகட்டும். வளர்ப்பவர்கள் தங்கள் சங்கத்தின் வழியாக அதைத் தாங்களே நடத்தினால் இன்னும் நல்லது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா 2019இல் புவிசார் குறியீடு பெற்றபோது, ஊரின் பெயருக்கு ஒரு தரம் உண்டு, அதைக் காப்பது அந்தப் பெயரால் பிழைப்பவர்களின் பொறுப்பு என்பதை ஊர் புரிந்துகொண்டது. நாய்க்கும் அந்த நியாயம் பொருந்தும். தான் விற்ற நாயை, அதற்கு எத்தனை வயதானாலும், வாங்கியவரால் வைத்துக்கொள்ள முடியாதபோது திரும்ப எடுத்துக்கொள்வேன் என்று எழுதிக்கொடுக்கும் வளர்ப்பவரிடமே குட்டி வாங்குவது என்று வாங்குபவர்கள் முடிவெடுத்தால், காப்பகத்துக்கு வரும் எண்ணிக்கையே குறையும்.

எதிர்வாதங்கள் பல உண்டு. இது ஒரே எஜமானுக்குப் பழகும் நாய், வயதான பின் இன்னொரு வீட்டில் ஒட்டாது என்பது ராஜபாளையம் பக்கம் அடிக்கடி கேட்கும் வார்த்தை. பாதி உண்மை. இந்த இனம் முன்பின் தெரியாதவர்களிடம் குழையாது. முதல் வாரம் மூலையில் படுத்து, சாப்பாட்டைக்கூட யாரும் பார்க்காதபோது சாப்பிடும் நாய்கள் உண்டு. ஒட்டாது என்பதற்கும் மெதுவாக ஒட்டும் என்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. சீருடைப் படைகளின் அனுபவம் இங்கே உதவும். படை நாய் ஒரே கையாளுநரோடு ஆண்டுக்கணக்கில் வேலை செய்வது, அதைவிட எஜமான் விசுவாசம் கொண்ட நாய் வேறில்லை. பணிக்கு ஆகாத நாய்களைக் கருணைக்கொலை செய்யும் வழக்கம் இந்திய ராணுவத்தில் இருந்தது. அது வெளியே தெரிந்து, டெல்லி உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்காகி, பின்னர் மாற்றப்பட்டது. 2019 நவம்பரில் மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படை, டெல்லி மெட்ரோவில் பணிசெய்த 7 நாய்களுக்கு விடைகொடுப்பு விழாவே நடத்தி ஒரு தொண்டு நிறுவனத்திடம் ஒப்படைத்தது. வேலை முடிந்த நாய்க்கு வாழ்க்கை மிச்சமிருக்கிறது என்று கறாரான சீருடை அமைப்பே ஏற்றுக்கொண்டபோது, தோப்புக்காரர் ஏற்பதில் என்ன தடை?

தெருநாய்க்கடியில் குழந்தைகள் சாகும் நாட்டில் கிழட்டு நாய்க்கு வீடு தேடுவதா என்பது இன்னும் கனமான கேள்வி. கேட்பவர்களின் கோபத்தை மதிக்கிறேன். வெறிநோய்ச் சாவைப்போல் கொடிய சாவு குறைவு. ஆனால் இரண்டும் எதிரெதிரான வேலைகள் அல்ல. ஆண்டுதோறும் தடுப்பூசி போட்டு, கருத்தடை செய்து, ஒரு வாசலுக்குள் இருக்கும் நாய் தெருவின் ஆபத்திலிருந்து கழிக்கப்பட்ட ஒன்று. உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22 அன்று, தெருநாயைத் தத்தெடுக்க விரும்புவோர் உள்ளாட்சியிடம் விண்ணப்பிக்கலாம், தத்தெடுத்த நாய் மீண்டும் தெருவுக்கு வராமல் பார்ப்பது அவர்கள் கடமை என்றது. நவம்பர் 7 அன்று, பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலைய வளாகங்களின் நாய்களைப் பிடித்துக் காப்பகத்தில் சேர்க்க வேண்டும், பிடித்த இடத்திலேயே திரும்ப விடக் கூடாது என்றும் உத்தரவிட்டது. அப்படியானால் காப்பகங்கள் நிரம்பும். உள்ளே போன நாய் உள்ளேயே மூப்படையும். ஒரு வயதான நாய் வீடு போய்ச் சேர்ந்தால், தெருவிலிருந்து எடுக்கப்பட்ட இன்னொன்றுக்கு அந்த இடம் கிடைக்கும். இளம் நாய்க்கே வீடில்லாதபோது கிழ நாய்க்கு ஏன் என்பவர்களுக்கும் இதுவே பதில். ஓடியாட இடம் கேட்கும் வாலிப ராஜபாளையத்தை வைத்துக்கொள்ள முடியாத வீடுகள் இரண்டு ஊரிலும் நிறைய. பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விட, முற்றமும் திண்ணையுமாக மிஞ்சியிருக்கும் தம்பதிக்கு, காலையிலும் மாலையிலும் கால் மணி நேரம் நடந்துவிட்டுப் படுத்துக்கொள்ளும் நாய்தான் பொருத்தம். இழுத்துத் தள்ளாத நாயா என்பதை மட்டும் தாளில் பார்த்துக்கொள்ள வேண்டும். முதியவர் கீழே விழுந்தால் இடுப்பெலும்பு போகும். வாலிப நாய் போகும் வீடும் கிழ நாய் போகும் வீடும் பெரும்பாலும் வேறு வேறு. ஒன்றின் பங்கை மற்றொன்று பறிப்பதில்லை.

கைவிடப்பட்ட நாய் யாருடைய தொல்லையாகவும் இல்லாமல் எங்கோ போய்விடும் என்ற எண்ணம் இந்தப் பகுதியில் வேறெந்த இடத்தையும்விட ஆபத்தானது. ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை 2021இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்பே 1988 முதல் சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயம் அங்கே இருக்கிறது. மலையடிவாரத்தில் இறக்கிவிடப்படும் நோயுற்ற நாய் காட்டுக்குள் போகும். நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் வைரஸ் புலி, சிறுத்தைக்கும் தொற்றக்கூடியது. குஜராத்தின் கிர் காட்டில் 2018இல் சில வாரங்களுக்குள் 20க்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தபோது, அவற்றில் சிலவற்றின் உடலில் அந்த வைரஸ் கண்டறியப்பட்டது. தடுப்பூசி போட்டு வீட்டில் வைப்பது காட்டுக்கும் செய்யும் காவல். சட்டமோ இன்னும் 1960லேயே நிற்கிறது. பட்டினி கிடக்கும்படி ஒரு விலங்கைக் கைவிடுவது விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம்தான். முதல் முறைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய்வரை. இன்று அந்தக் காசுக்கு நல்ல காபிகூடச் சில இடங்களில் கிடைக்காது. தண்டனையை நம்பிப் பயனில்லை, ஒப்படைப்பதற்கு ஒரு முகவரி இருந்தால்தான் கைவிடுதல் குறையும். நாயை வைத்துக்கொள்ள முடியாதவர் வெட்கப்படாமல் கொண்டுவந்து சேர்க்கும் இடமாக அது இருக்க வேண்டும்.

நன்றி என்பது தமிழருக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டிய பண்பில்லை. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்றில், தன் ஆளோடு நின்று கள்வரைக் கடித்துக் காத்த நாய்க்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். அதன் பெயரையும் கோவிவன் என்று பொறித்திருக்கிறார்கள். சண்டையில் காத்து நின்ற நாய்க்குக் கல்லில் இடம் கொடுத்த சமூகத்துக்கு, சண்டை ஏதும் இல்லாமல் மெதுவாக மூப்படையும் நாயை என்ன செய்வது என்ற கேள்வி இப்போதுதான் வருகிறது.

கருணைக்கொலையே மேல் என்போருக்கும் பதில் சொல்லியாக வேண்டும். மூன்றாவது வகை நோயில், வலியை மருந்தால் அடக்க முடியாத கட்டத்தில், அவர்கள் சொல்வது சரி. அங்கே இழுத்துப் பிடித்து வைத்திருப்பது நாய்க்காக அல்ல, நமக்காக. ஆனால் வீடில்லை என்பதை நோயாக எண்ணி ஊசி போடுவதை ஏற்க முடியாது. எது எந்தக் கட்டம் என்பதைக் காப்பக நெருக்கடியும் வீட்டார் சோர்வும் தீர்மானிக்கக் கூடாது. மருத்துவர், அதுவும் முடிந்தால் இருவர், பார்த்துச் சொல்ல வேண்டும். சீக்கிரம் செத்துப்போகும், மனசு தாங்காது என்று தயங்குபவர்களிடம் இல்லை என்று பொய் சொல்லவும் கூடாது. தாங்காதுதான். அதனால்தான் அந்த முடிவையும் அவர்கள் தனியாகத் தாங்கும்படி விடக் கூடாது என்கிறேன். வீட்டாரோடு போடும் ஒப்பந்தத்தில் மாத்திரை, தடுப்பூசி வரிகளுக்குக் கீழே கடைசி நாளுக்கும் சில வரிகள் வேண்டும்: இரவு எந்நேரமானாலும் யாரை அழைப்பது, மருத்துவரின் கட்டணத்தை யார் கொடுப்பது, ஊசி போடும்போது காப்பகத்திலிருந்து யார் வந்து பக்கத்தில் இருப்பது, மண்வெட்டியோடு யார் வருவது, எந்தத் தோப்பின் எந்த மூலையில் குழி.